உதறல்: ஒரு வாஷரை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது வண்டியைப் பற்றிய கட்டுரைதான். ஆயினும் ஒரு பிழையை எப்படித் தேடுகிறோம், தேடும்போது எந்த இடத்தில் வழி தவறுகிறோம் என்பது பிரதிகளோடு பழகுகிறவர்களுக்கு அன்னியமான விஷயமாக இராது என்று நம்புகிறோம்.

எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய வண்டி உண்டு. கார்புரேட்டர் காலத்து ஒற்றைச் சிலிண்டர் வண்டி. எங்களிடம் வருவதற்கு முன் பல ஆண்டுகள் பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியின் வாசலில் நின்றிருந்தது. மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து ஆம்பூருக்கு நண்பர்களைப் பார்க்கப் போகும்போது இருவர் அதில் ஏறிக்கொள்வோம்; மூன்றாமவர் பேருந்தில் வந்து சேருவார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பள்ளிகொண்டா, மாதனூர் என்று பாலாற்றை விட்டு அதிகம் விலகாமல் செல்லும் நெடுஞ்சாலை. அந்தச் சாலையில்தான் ஒரு நாள் வண்டி உதறத் தொடங்கியது.

எப்போதும் உதறினால் அது ஒரு வகையில் எளிது. இது அப்படியில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வரை சாதுவாகப் போகும். 55-ஐத் தொட்டதும் கைப்பிடியில் ஒரு நடுக்கம் ஏறும். கால்மிதியிலும் பெட்ரோல் டாங்கிலும் பரவும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். 65-ஐத் தாண்டினால் தானாகவே அடங்கிவிடும். ஆம்பூரில் இறங்கும்போது விரல்கள் மரத்துப்போய்த் தேநீர்க் குவளையைப் பிடிக்கத் தடுமாறுவோம்.

ஒரு மழைக்காலம் முழுவதும் பட்டறை பட்டறையாக அலைந்தோம். முதலாமவர் பின் டயர் தேய்ந்துவிட்டது என்றார், மாற்றினோம். இரண்டாமவர் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் போய்விட்டன என்றார், மாற்றினோம். மூன்றாமவர் கோன் செட் என்றார், அதையும் மாற்றினோம். நான்காமவர் வண்டியை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மரணச் செய்தியைச் சொல்லும் நிதானத்தோடு, “கிராங்க் போயிடுச்சு சார். எஞ்சினை இறக்கித்தான் ஆகணும்” என்றார். இவர்களில் ஒருவரும் எங்களை ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு வண்டி உதறுவதற்கான நியாயமான காரணமே. எங்கள் வண்டி உதறுவதற்கான காரணமாக மட்டும் அவை இருக்கவில்லை.

எஞ்சினை இறக்க மனம் வராமல், கொஞ்சம் படித்தும் கொஞ்சம் யோசித்தும் பார்த்தோம். அப்போது தெரிந்த சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்வது பயனுள்ளதாக இருக்கும்.

வண்டியில் சுழலும் பொருள்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சக்கரத்தின் வேகத்தில் சுழல்பவை ஒன்று. எஞ்சினின் வேகத்தில் சுழல்பவை மற்றொன்று. இத்தகைய வண்டியின் சக்கரம் ஒருமுறை உருண்டால் சுமார் இரண்டு மீட்டர் நகரும். 55 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏழெட்டு முறை சுழல்கிறது. அதே வேளையில் எஞ்சினின் கிராங்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழன்றுகொண்டிருக்கும். எனவே சக்கரத்தில் கோளாறு என்றால் கைக்கு அது எண்ணிவிடக்கூடிய குலுக்கலாகத் தெரியும். எஞ்சின் வழியாக வருவது ரீங்காரம் போல எண்ண முடியாத நடுக்கமாக இருக்கும். எங்களுடையது இரண்டாவது வகை. இதை உணர எந்தக் கருவியும் தேவையில்லை. உள்ளங்கை போதும். டயரையும் கோன் செட்டையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் உள்ளங்கையைக் கேட்டிருக்கலாம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் இரண்டு சோதனைகள் உண்டு. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அதே 55-இல் போகும்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். சக்கரம் அதே வேகத்தில் உருளும், எஞ்சின் அடங்கிவிடும். உதறல் நின்றால் அது சக்கரத்தினுடையது இல்லை. அடுத்து, வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெதுவாக முறுக்க வேண்டும். நிற்கும் வண்டியிலும் அதே சுதியில் நடுக்கம் வந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எங்கள் வண்டி இரண்டு சோதனைகளிலும் எஞ்சினையே சுட்டிக் காட்டியது. ‘அப்படியானால் நான்காமவர் சொன்னது சரிதான், கிராங்க்தான்’ என்று முடிவு கட்டினோம். இரண்டாவது முறையாக வழி தவறியது அந்த இடத்தில்தான்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அதிரத்தான் செய்யும். ஒரு பிஸ்டன் மேலே ஓடி நின்று, கீழே ஓடி நிற்கிறது. கிராங்கில் வைக்கும் எதிர் எடை அந்த உந்தலில் ஒரு பகுதியைத்தான் சமன்செய்யும். மீதி வண்டியின் சட்டகத்துக்கு வந்தே தீரும். 1950-களில் சென்னையில் உற்பத்தி தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த அதிர்வோடுதான் ஓட்டினார்கள். அந்த நிறுவனத்தின் 350 சி.சி. வரிசையில் அதிர்வைச் சமன்செய்யும் தனித் தண்டு 2020-இல் வந்த புதிய எஞ்சினில்தான் சேர்ந்தது. ஆக, எஞ்சின் ஏன் அதிர்கிறது என்பது கேள்வியே இல்லை. இத்தனை நாள் எஞ்சினோடு அடங்கியிருந்த அதிர்வு இப்போது ஏன் நம் கைவரை வருகிறது என்பதே கேள்வி. அதிர்வின் ஊற்று வேறு. அதிர்வின் காரணம் வேறு. இந்த வேறுபாட்டை எங்களுக்குப் புரியவைத்தவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கே இல்லை.

எங்கள் ஆம்பூர் நண்பரின் அண்டை வீட்டுக்காரர் அவர். காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பராமரிப்பவர். தெருவில் அனைவரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

“எஞ்சினைப் பிரிச்சாச்சா?”

“இன்னும் இல்ல பாய். வர்ற வாரம் இறக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

“இறக்குறது இருக்கட்டும் தம்பி. ஸ்டாண்டு போட்டு முறுக்குங்க. நான் சொல்றப்ப அப்படியே புடிச்சு வெச்சுக்கிட்டு நில்லுங்க.”

முறுக்கினோம். நடுக்கம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு மருத்துவர் நாடி பார்ப்பது போல எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒற்றை விரலை வைத்துக்கொண்டே போனார். விரலின் பாதி எஞ்சின் பக்கம், பாதி சட்டகத்தின் பக்கம். முன்னால் ஓரிடம், அடியில் ஓரிடம், பின்னால் ஓரிடம். கடைசியாக டாங்குக்குக் கீழே கையை நுழைத்து, எஞ்சினின் தலைப்பகுதியைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டையின் மேல் விரலை வைத்தவர், அங்கேயே நின்றார்.

“ரெண்டும் ஒண்ணா ஆடினா தப்பில்ல தம்பி. ஒண்ணு ஆடி ஒண்ணு ஆடலேன்னா நடுவுல இருக்கிறது புடிக்கலேன்னு அர்த்தம்.”

நாங்கள் விரலை வைத்துப் பார்த்தோம். அவர் சொன்ன பிறகு அது அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

அந்த நட்டை மெக்கானிக்குகள் பார்க்காமல் விட்டிருக்கவில்லை. இரண்டு பேராவது எங்கள் கண்ணெதிரே ஸ்பேனர் போட்டுத் திருகிப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை. இறுகியிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் அது இறுகியிருக்கவில்லை. துருவேறிப் போல்ட்டின் மரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் இருந்த ஸ்பிரிங் வாஷர் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், அந்த வாஷரின் கனம் அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்திருந்தது. ஸ்பேனருக்கு அது இறுகிய நட்டு. எஞ்சினுக்கு அது இல்லாத நட்டு.

ஒரு பிணைப்பு விட்டுப்போனதும் சட்டகத்தின் இயல்பே மாறிவிடுகிறது. தம்பூராவின் தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்குவது போல, சட்டகம் தானாக அதிரக்கூடிய சுதியும் இறங்குகிறது. முன்பு அது வண்டி ஓடும் வேகங்களுக்கு அப்பால், எட்டாத உயரத்தில் இருந்தது. இப்போது இறங்கி வந்து, நாங்கள் வழக்கமாகச் செல்லும் 55-இல் எஞ்சினின் சுதியோடு சேர்ந்துகொண்டது. சேரும் இடத்தில் நடுக்கம் பெருகும், கடந்துவிட்டால் அடங்கும். இத்தனை நாள் எங்களைக் குழப்பிய மர்மம் இவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் நட்டு கழலவில்லை. போல்ட்டை அறுத்தெடுத்துப் புதிய போல்ட்டு, புதிய வாஷர், புதிய நட்டு போட்டோம். மூன்றுக்கும் சேர்த்து, அன்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்த தேநீரின் விலைகூட ஆகவில்லை.

இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம். நான்கு பட்டறைகளின் கண்ணுக்குத் தப்பியது ஒரு தையல் இயந்திரக்காரரின் விரலுக்கு எப்படிச் சிக்கியது? அவர் அதிக அறிவாளி என்பது சோம்பேறித்தனமான பதில். அவருடைய வேலையின் அமைப்பு வேறு என்பதே எங்கள் எண்ணம். தொழிற்சாலையில் ஒரு வரிசையில் பல இயந்திரங்கள் ஓடுகின்றன. முன்னால் அமர்ந்து மேல்தோலைத் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓர் இயந்திரம் நடுங்கினால் தையல் கோணும். தையல் கோணினால் தோல் வீண். தோலில் விழுந்த ஊசித்துளையை அழிக்க முடியாது. இயந்திரம் நின்றால் வரிசையே நிற்கும். அங்கே உதிரிபாகத்தை மாற்றுவதால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை, மாதச் சம்பளம். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதே அவருடைய வேலை.

சாலையோரப் பட்டறையில் நிலைமை நேர் எதிர். டயர் மாற்றினால் காசு. செயின் மாற்றினால் காசு. அரை மணி நேரம் விரலை வைத்து யோசித்துவிட்டு, “ஒரு வாஷர்தான் சார்” என்று சொல்கிற மெக்கானிக்குக்கு நாம் என்ன கொடுப்போம்? “ஒரு வாஷருக்கா இவ்வளவு?” என்று பேரம் பேசுவோம். பொருளுக்கு விலை கொடுக்கப் பழகிய நாம், பார்வைக்கு விலை கொடுக்கப் பழகவில்லை. ஆகவே பட்டறைகள் நமக்குப் பொருளையே விற்கின்றன. எஞ்சினை இறக்கும் பேச்சு வருவதற்கு முன், கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் ஒரு தனிக் கூலி என்று பேசிக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். எங்கள் அளவில் இதைத் தொடங்கிவிட்டோம். ஆரம்பத்தில் மெக்கானிக்குகளுக்கே அது வினோதமாகத்தான் இருந்தது.

குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. கிராங்க் என்ற தீர்ப்பைக் கேட்டதும் எங்களுக்குள் வருத்தத்தோடு ஒரு ரகசியத் திருப்தியும் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. இத்தனை பெரிய துன்பத்துக்கு இத்தனை ஆழமான காரணம் இருப்பதுதானே முறை! வாசகர்களாகிய நமக்கு ஆழத்தின் மேல் ஒரு மோகம் உண்டு. ஒரு கதையில் பொருந்தாத வரி தென்பட்டால் அதற்கு உளவியல், குறியீடு, கட்டுடைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அச்சுக் கோக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம் என்று முதலில் பழைய பதிப்பைப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு இருந்தது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு செய்யுள் பொருள்படவில்லை என்றால், கவிஞரின் ஆழத்தில் முங்குவதற்கு முன் இங்கே ஒரு புள்ளி இருக்க வேண்டுமா என்று பார்ப்பார்கள். உ.வே. சாமிநாதையரின் அனுபவம் இன்னும் பொருத்தமானது. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரால் சீவக சிந்தாமணி அவருக்கு அறிமுகமானபோது, பெரும் புலமையோடு அணுகியும் பல இடங்கள் விளங்கவில்லை. தடை புலமையில் இருக்கவில்லை. அது சமண நூல். அந்தச் சமயத்தின் மரபு அவருக்குப் பழக்கமில்லாதது. கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டார். அவர்களுக்கு அது வழக்கமாக வாசித்துவந்த நூல். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. காரணம் எளியது, ஆனால் அதைப் போய்க் கேட்க ஒரு பணிவு வேண்டியிருந்தது.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட, ஜென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தலைப்பிலேயே இணைத்த நூலை நம்மில் பலர் படித்திருப்போம். எஞ்சின் இறுகி நின்ற வண்டியைப் பட்டறைக்காரர்கள் பிரித்துப் போட்டுப் பாழாக்குவார்கள். உண்மைக் காரணமோ எண்ணெய் செல்லும் வழியில் முறிந்துபோன, கால் டாலர் பெறுமானமுள்ள ஒரு சிறு முளை. அந்தப் பட்டறையில் பிர்சிக் கண்ட குறை அக்கறையின்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளை வைத்துப் பார்க்கும்போது, அக்கறைக்கும் ஒரு கூலி உண்டு, அதை யார் கொடுப்பது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

இத்தோடு முடித்திருக்கலாம். பாய் முடிக்கவிடவில்லை. உதிர்ந்த வாஷரின் துகளை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தவர், “இது மழைத் துரு இல்ல. உப்பு. வண்டி மண்டியில நின்னதா?” என்று கேட்டார்.

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் தோல் ஷாப்பு வந்து சேர உப்புதான் காவல். தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கு மேலும் உப்பு தடவுகிறார்கள். மண்டியில் உதறிப் போடும்போது அது தரையெங்கும் படிகிறது. அந்தத் தூசியில் ஆண்டுக்கணக்கில் நின்ற எங்கள் வண்டியில், மழைநீர் தேங்கி நிற்கும் டாங்கின் அடியில் இருந்த வாஷரை உப்பு தின்றுவிட்டது. உதறலின் காரணம் நட்டு. நட்டின் காரணம் வாஷர். வாஷரின் காரணம் உப்பு.

மண்டியில் உதிராத உப்பு தோலோடு ஊறல் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து கழிவுநீரில் கலக்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு இருந்தது. குரோமிய முறையும் பெருந்தொழிலும் வந்தபோது அளவு பெருகியது. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு நீங்காது. சவ்வூடு பரவல் முறையில் பிரித்தெடுத்தாலும் கடைசியில் கலப்பு உப்பாகக் குவிந்து கிடக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வையும் பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததும் அந்தத் தீர்ப்பே. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்குமாறு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்.

எளிய காரணத்தைக் கண்டுபிடிப்பதே கடினம் என்று இத்தனை நேரம் எழுதினோம். பாலாற்றின் கரையில் அது பாதி உண்மைதான். இங்கே காரணம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல விரல் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. வாஷரை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது, அதை மாற்றுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால். ஆற்றின் விஷயம் அப்படியில்லை. தோல் ஷாப்பு முதலாளிக்கும், அங்கே வேலை பார்த்து வீட்டை நடத்துகிறவருக்கும், கிணறு உப்பாகிப்போன விவசாயிக்கும் கணக்கு வேறு வேறு. பட்டறையில் கேட்ட அதே கேள்விதான் இங்கும்: தெரிந்த காரணத்தைச் சரிசெய்வதற்கான கூலியை யார் கொடுப்பது? தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. கணக்கு இன்னும் தீரவில்லை.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. 55-இல் பக்கக் கண்ணாடியில் ஒரு லாரிதான் தெரிகிறது. கைப்பிடியில் எஞ்சினின் இயல்பான துடிப்பு மட்டும் லேசாக உண்டு. புறப்படும்போது பாய் சொன்ன கடைசி யோசனையை மட்டும் எங்களால் இன்னும் ஒழுங்காக நிறைவேற்ற முடியவில்லை.

“மாசத்துக்கு ஒருவாட்டி டாங்கைக் கழட்டி அடியில நல்லா கழுவி விடுங்க. போர்த் தண்ணி வேணாம், அதுலயும் உப்பு. நல்ல தண்ணியா பார்த்துக் கழுவுங்க.”

நல்ல தண்ணீர் அந்தத் தெருவுக்குக் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. குடங்கள் வரிசையில் காத்திருக்கும்போது அதில் வண்டியைக் கழுவ எங்களுக்கு மனம் வரவில்லை.